ஒரே பல்கலைக்கழகம், நான்கு கல்லூரிகள்: எதை முதலில் போடுவது?

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் ஒரு தாயாரின் கேள்வி இது. மகள் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணிதம் எடுத்தவள், பொருளாதாரம் ஹானர்ஸ் படிக்க ஆசை. சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணையும், போன வருடம் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணையும் வைத்துப் பார்த்தால், தில்லிப் பல்கலைக்கழகத்தின் ராம்ஜாஸ், ஸ்ரீ வெங்கடேஸ்வரா, கார்கி, இந்திரபிரஸ்தா ஆகிய நான்கில் ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. "நாலும் ஒண்ணு போலத்தான் தெரியுது. நாத்தனார் நார்த் கேம்பஸ்தான் உண்மையான டியூ என்கிறார். வீட்டுக்காரர் ரேங்க் லிஸ்ட் வரிசையிலேயே போட்டுவிடு என்கிறார். மகள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். எப்படி முடிவு செய்வது?"

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஜூன், ஜூலை வந்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் என்னிடம் வந்துவிடும். சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான்கும் ஒன்று போலத் தெரிகிறது என்று நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. இந்த நான்கு கல்லூரிகளிலும் பொருளாதாரம் ஹானர்ஸுக்குப் பாடத்திட்டம் ஒன்று. செமஸ்டர் இறுதித் தேர்வின் வினாத்தாள் ஒன்று. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். சென்னையில் தன்னாட்சிக் கல்லூரிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடாது. அங்கே ஒவ்வொரு தன்னாட்சிக் கல்லூரியும் பாடத்தையும் தேர்வையும் தானே வகுக்கும், அதனால் கல்லூரி மாறினால் படிப்பே ஓரளவு மாறும். இங்கே அப்படி இல்லை. ராம்ஜாஸில் படிக்கும் பெண்ணும் கார்கியில் படிக்கும் பெண்ணும் ஒரே நாளில் ஒரே நுண்பொருளியல் தாளை எழுதுவார்கள். ஆகவே "எந்தக் கல்லூரியில் நல்ல படிப்பு" என்று கேட்டால் விடை கிடைக்காது. அந்தப் பொதுவான பாடத்தை உங்கள் மகளிடம் கொண்டு சேர்ப்பதில் இந்த நான்கும் எங்கே வேறுபடுகின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவர் சொல்லும் தரவரிசையை முதலில் பார்த்துவிடலாம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பட்டியலில் கல்லூரிகளுக்கென்று தனிப் பிரிவு 2017 முதல் இருக்கிறது. அந்த வருடம் தொடங்கி 2023 வரை நம் பல்கலைக்கழகத்தின் மிராண்டா ஹவுஸ் முதலிடம். 2024-லும் 2025-லும் இதே பல்கலைக்கழகத்தின் ஹிந்து கல்லூரி முதலிடம், மிராண்டா இரண்டாமிடம். 2023-க்கும் 2024-க்கும் இடையில் மிராண்டாவின் பொருளாதார வகுப்பில் என்ன கெட்டுப்போனது? எதுவும் இல்லை. அந்தப் பட்டியல் கல்லூரியை மொத்தமாக அளக்கிறது: ஆசிரியர் எண்ணிக்கை, செலவிடும் பணம், ஆராய்ச்சிக் கட்டுரைகள், தேர்ச்சி, பன்முகத்தன்மை, அப்புறம் வெளியில் இருக்கும் பெயர். வேதியியல் துறை நிறையக் கட்டுரைகள் வெளியிட்டால் கல்லூரி மேலே ஏறும், பொருளாதாரம் படிக்கும் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் வராது. முதல் பத்து கல்லூரிக்கும் நூறாவது கல்லூரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியல் சரியாகவே காட்டும். பக்கத்துப் பக்கத்து இடங்களில் இருக்கும் கல்லூரிகளை வரிசைப்படுத்த அது உதவாது. உங்கள் நான்குக்கும் அதை ஒதுக்கி வையுங்கள்.

ஆனால் பெயருக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடமும் கிடைத்து, அதன்பின் சிலர் பெயர் பெற்ற கல்லூரிக்கும் சிலர் அடுத்த நிலைக் கல்லூரிக்கும் போயிருந்தால், பிற்காலச் சம்பளத்தில் இவர்களுக்குள் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் கண்டது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் பெற்ற கல்லூரி கூடுதல் பலன் தந்தது. இந்தியாவில் ஷீதல் சேக்ரி 2020-ல் வெளியிட்ட ஆய்வு வேறொரு படத்தைக் காட்டியது. கட்-ஆஃப் கோட்டுக்குச் சற்று மேலே இருந்து உயர்ந்த அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களையும், சற்றுக் கீழே இருந்து தவறவிட்டவர்களையும் அவர் ஒப்பிட்டார். படிப்பு முடிவில் எழுதும் பொதுத் தேர்வு மதிப்பெண்ணில் இருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை, ஆனால் உயர்ந்த அரசுக் கல்லூரியில் படித்தவர்களுக்குச் சம்பளம் கூடுதலாக இருந்தது. அதாவது நம் நாட்டில் வேலை கொடுப்பவர்கள் கல்லூரிப் பெயரைப் பார்க்கிறார்கள், அந்தப் பெயரால் படிப்பு ஏறிவிடுவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான். எஸ்ஆர்சிசி என்ற புகழ்பெற்ற ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரிக்கும் ஊருக்கு வெளியே புதிதாகத் தொடங்கிய ஒரு கல்லூரிக்கும் இடையில் தேர்வு என்றால் பெயருக்கு எடை கொடுக்கலாம். நீங்கள் சொல்லும் நான்கில் அவ்வளவு இடைவெளி கிடையாது. வெங்கடேஸ்வராவையும் ராம்ஜாஸையும் தெரியாத மனிதவளத் துறை ஆள் தில்லியில் இருக்க மாட்டார். கார்கிக்கும் இந்திரபிரஸ்தாவுக்கும் இங்கே நல்ல பெயர்தான், வடஇந்தியாவுக்கு வெளியே போனால் கொஞ்சம் விளக்க வேண்டி வரலாம். மேலே எம்.ஏ. படிக்கப் போகிறாள் என்றால் அந்தச் சிறு வித்தியாசமும் போய்விடும். தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜேஎன்யூ, ஐஎஸ்ஐ என்ற இந்தியப் புள்ளியியல் நிறுவனம் எல்லாமே நுழைவுத் தேர்வு வைப்பவை. வினாத்தாளுக்கு அவள் படித்த கல்லூரி தெரியாது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி.

நீங்கள் சேர்வது கல்லூரியில் என்றாலும் உங்கள் மகள் வாழப்போவது ஒரு துறையில். பொதுப் பாடத்திட்டம் என்றாலும் விருப்பப் பாடங்களில் கல்லூரிக்குக் கல்லூரி பெரிய வேறுபாடு உண்டு. பல்கலைக்கழகம் ஒரு நீண்ட பட்டியல் கொடுக்கிறது. சுற்றுச்சூழல் பொருளாதாரம், நிதிச் சந்தை, பொது நிதி என்று பலவும் அதில் இருக்கும். அதில் எதைக் கல்லூரி நடத்தும் என்பது அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எத்தனை மாணவர்கள் அதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிறிய துறையில் பெயருக்குத்தான் விருப்பப் பாடம். இரண்டு வைப்பார்கள், எல்லோரும் அந்த இரண்டையே எடுக்க வேண்டும். பிற துறைப் பாடம் எடுக்கும்போதும் இதே கதைதான். பொருளாதாரத்தோடு புள்ளியியலோ கணினியோ சேர்த்துப் படிக்க வேண்டும் என்று மகள் நினைத்திருந்தால், அந்தத் துறையே இல்லாத கல்லூரியில் அது நடக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, பெற்றோர்கள் யாரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். பெரும்பாலான கல்லூரிகள் நடப்பு செமஸ்டரின் டைம் டேபிளை இணையதளத்தில் போட்டு வைக்கின்றன. பொருளாதாரம் ஹானர்ஸ் ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் டைம் டேபிளை நான்கு கல்லூரிகளுக்கும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த விருப்பப் பாடம் நிஜமாகவே நடந்தது என்று அதில் தெரிந்துவிடும். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கெஸ்ட்' என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். கெஸ்ட் ஆசிரியர்களில் மிக நல்லவர்கள் உண்டு, நானே பலரோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கி, அடுத்த செமஸ்டர் இருப்போமா என்று தெரியாத ஒருவரால் பிள்ளைக்கு மூன்று வருடம் கழித்துச் சிபாரிசுக் கடிதம் எழுதித் தர முடியாது. ஒரு துறையில் பாதிப் பேர் அப்படி என்றால் யோசிக்க வேண்டும்.

அதே டைம் டேபிளில் ட்யூட்டோரியல், அதாவது சிறு குழுவாக உட்கார்ந்து பயிற்சி செய்யும் வகுப்பு, அதற்கான குழுக்களையும் எண்ணுங்கள். மொத்த மாணவர்களை எத்தனை குழுவாகப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு குழுவில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். இறுதித் தேர்வு பொதுவானது என்றேன், ஆனால் மொத்த மதிப்பெண்ணில் கணிசமான பகுதி கல்லூரிக்குள்ளேயே போடப்படுகிறது: உள்தேர்வு, ட்யூட்டோரியல் வேலை, வருகை. ட்யூட்டோரியல் ஒழுங்காக நடக்கும் இடத்தில் பிள்ளை வாரா வாரம் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். நடக்காத இடத்தில் மதிப்பெண் வந்துவிடும், கற்றுக்கொள்வது வராது. பொருளாதாரம் ஹானர்ஸில் முதல் செமஸ்டரிலேயே கணிதம் வந்து நிற்கும். பள்ளியில் சுமாராகக் கணிதம் போட்ட பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். அவர்களைத் தூக்கி விடுவது ட்யூட்டோரியல்தான்.

நான்காம் ஆண்டைப் பற்றியும் கேளுங்கள். 2022 முதல் இங்கே நான்கு வருடத் திட்டம் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரலாம், வேண்டுமானால் நான்காம் வருடம் தொடரலாம். அந்த நான்காம் வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத ஒரு வழிகாட்டி ஆசிரியர் வேண்டும், உட்கார வகுப்பறை வேண்டும். எல்லாக் கல்லூரிகளும் அதற்கு ஒரே அளவு தயாராக இல்லை. வெளிநாட்டில் முதுகலை என்ற எண்ணம் மகளுக்கு இருந்தால் இது சின்ன விஷயம் அல்ல.

சரி, இவ்வளவையும் டைம் டேபிள் சொல்லாது. இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசியே ஆக வேண்டும். தமிழ்ப் பள்ளியின் பழைய மாணவிகள் இந்த நான்கு கல்லூரிகளிலும் நிச்சயம் யாராவது இருப்பார்கள். பள்ளி ஆசிரியரிடம் கேட்டால் தொடர்பு கிடைக்கும். "காலேஜ் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றுதான் பதில் வரும். போன செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியரே வராமல் ஓடியது? எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் திருப்பித் தந்தார்களா? சந்தேகம் கேட்க வகுப்புக்கு வெளியே எந்த ஆசிரியரைப் போய்ப் பார்க்க முடியும்? இப்படிக் கேளுங்கள். அதைவிட, உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அம்மா கேட்டால் ஒரு பதில், வயதொத்தவள் கேட்டால் வேறு பதில்.

அடுத்தது போக்குவரத்து. இதைக் கல்வி விஷயமாகவே நான் பார்க்கிறேன். மயூர் விஹார்-1 நிலையத்திலிருந்து பிங்க் லைனில் ஏறினால் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் வரை வண்டி மாற வேண்டியதில்லை. அங்கே இறங்கினால் வெங்கடேஸ்வரா நடை தூரம். ராம்ஜாஸுக்கு என்றால் ப்ளூ லைனில் ராஜீவ் சவுக், அங்கே மாறி யெல்லோ லைனில் விஸ்வவித்யாலயா, பிறகு ரிக்ஷா. இந்திரபிரஸ்தாவுக்கும் அதே வழிதான், ஆனால் ஒரு நிலையம் முன்னாலேயே சிவில் லைன்ஸில் இறங்கிக்கொள்ளலாம். கார்கி சிரி ஃபோர்ட் பக்கம். ஐஎன்ஏவில் மாறி யெல்லோ லைனில் போய் இறங்கினாலும் ஆட்டோ வேண்டும். காலை எட்டரை மணி வகுப்பு, ஜனவரி மூடுபனி, ராஜீவ் சவுக் கூட்டம் மூன்றையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தூரத்தால் முதல் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளையும், சாயங்காலம் விவாத மன்றம், நாடகக் குழு தொடங்கும்போது "வீடு தூரம் மேடம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகளையும் நான் வருடா வருடம் பார்த்தேன். கல்லூரி வாழ்க்கையில் பாதி நான்கு மணிக்கு மேல்தான் நடக்கிறது. சேரும் முன்பே ஒரு வேலை நாள் காலையில் மகளை நான்கு இடத்துக்கும் மெட்ரோவில் போய் வரச் சொல்லுங்கள், நீங்கள் கூடப் போகாமல்.

நாத்தனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நார்த் கேம்பஸில் கல்லூரிகள் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. ராம்ஜாஸிலிருந்து ஹிந்து, ஸ்டீஃபன்ஸ், மிராண்டா, கிரோரிமல் எல்லாம் நடந்து போகும் தூரம். மற்றக் கல்லூரிகளின் நிகழ்ச்சிகளுக்குத் தயக்கமின்றிப் போகலாம். பக்கத்திலேயே தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். வி.கே.ஆர்.வி. ராவ் 1949-ல் தொடங்கியது, அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் கற்பித்த இடம். அங்கே நடக்கும் சொற்பொழிவுகளில் பின் வரிசையில் போய் உட்காரும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பொருளாதாரம் என்பது பரீட்சைக்குப் படிப்பது மட்டும் அல்ல என்று புரியத் தொடங்கும். ஆனால் அங்கே போய் உட்காருகிற சுபாவம் வேண்டும். வகுப்பு முடிந்ததும் வீடு திரும்புகிற பிள்ளைக்கு நார்த் கேம்பஸ் என்பது வெறும் முகவரி.

இந்த நான்கில் இரண்டு மகளிர் கல்லூரிகள். பெற்றோர்கள் பாதுகாப்பை நினைத்து அவற்றை விரும்புகிறார்கள், பிள்ளைகள் சிலர் அதே காரணத்தால் முகம் சுளிக்கிறார்கள். என் அனுபவத்தில் மகளிர் கல்லூரியின் பலன் வேறு: மாணவர் சங்கத் தலைவர், பொருளாதாரச் சங்கச் செயலர், பத்திரிகை ஆசிரியர், ஒலிபெருக்கி கட்டுவதிலிருந்து பணம் திரட்டுவது வரை எல்லாமே பெண்கள். பேசக் கூச்சப்படும் பெண் அங்கே மலர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் மகள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் மட்டும் அப்படியா, வெளியிலுமா என்று உங்களுக்குத்தான் தெரியும். வெளியிலும் அப்படி என்றால் இந்திரபிரஸ்தாவை நீங்கள் நினைப்பதைவிட மேலே வைக்கலாம். 1924-ல் தொடங்கிய கல்லூரி, தனக்கென்று ஒரு மரபு உண்டு.

வேலைவாய்ப்பு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 'அதிகபட்ச சம்பளம்' என்று போடும் எண்ணைப் பார்க்காதீர்கள், அது ஒரே ஒரு பிள்ளையின் கதை. எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கு மட்டும் உள்ள விஷயம். மொழிப்பாடத்தில் தமிழ் எடுக்க மகள் விரும்பினால், தமிழ் ஆசிரியர் இருக்கும் கல்லூரிகள் மிகச் சில. சேர்ந்த பிறகு கேட்டு ஏமாற வேண்டாம், முன்பே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

இனி விருப்பப் பட்டியல் போடும் முறை. சேர்க்கைக்கான தளத்தில் பாடமும் கல்லூரியும் சேர்ந்த ஜோடிகளாக வரிசைப்படுத்த வேண்டும். பலர் இங்கே சூதாட்டம் போல யோசிக்கிறார்கள்: "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடுமோ?" போகாது. கணினி மேலிருந்து கீழே பார்த்து, மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மிக மேலே இருப்பதைத் தரும். எட்டாது என்று நினைக்கும் ஹிந்துவையும் மிராண்டாவையும் உச்சியில் போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே நீங்கள் போட்டது எதுவும் இனி வராது. ஆகவே வரிசை என்பது உண்மையான ஆசையின் வரிசையாக இருக்க வேண்டும். பட்டியலை நீளமாகவும் போடுங்கள். நான்கோடு நிறுத்தி, நான்கும் தவறி நின்றவர்களை எனக்குத் தெரியும். கமலா நேரு, தௌலத் ராம், மைத்ரேயி, ஏஆர்எஸ்டி போன்ற கல்லூரிகள் எல்லாம் கீழே இருக்கட்டும். ஒரே பெண் குழந்தை என்றால் அதற்கான கூடுதல் இட ஒதுக்கீட்டு விவரத்தையும் இந்த வருடக் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

பாடமா கல்லூரியா என்று வந்தால் பாடம்தான் முதலில். பெரிய கல்லூரியில் பி.ஏ. ப்ரோக்ராம், அதாவது இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் பட்டம், கிடைக்கிறதே என்று பொருளாதாரம் ஹானர்ஸுக்கு மேலே அதைப் போடாதீர்கள், மகளே அந்தப் பாடச் சேர்க்கையை விரும்பினால் ஒழிய. விருப்பமில்லாத பாடத்தை நல்ல கட்டடத்தில் படிப்பது மூன்று வருடத் தண்டனை.

என் வரிசை என்னவென்று கேட்டால்: மேலே எட்டாதவற்றைப் போட்டுவிட்டு, உங்கள் வீட்டு முகவரிக்கு வெங்கடேஸ்வரா, ராம்ஜாஸ், இந்திரபிரஸ்தா, கார்கி. வெங்கடேஸ்வராவை முன்னால் வைத்ததற்குப் பெரிய காரணம் வண்டி மாறாமல் போகும் அந்த மெட்ரோ. டைம் டேபிளைப் பார்த்த பிறகு ராம்ஜாஸில் மகளுக்குப் பிடித்த விருப்பப் பாடம் இருந்தாலோ, எம்.ஏ.தான் குறி என்று அவள் சொன்னாலோ முதல் இரண்டையும் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். கார்கி கடைசியில் இருப்பது அதன் தரத்தால் அல்ல, உங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும் வழியால் மட்டும். நீங்கள் ஆர்.கே.புரத்தில் இருந்து கேட்டிருந்தால் வேறு வரிசை சொல்லியிருப்பேன்.

மகளின் மௌனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவளிடம் "எது வேணும்?" என்று கேட்காமல், நான்கு கல்லூரிப் பெயர்களையும் எழுதிக் கொடுத்து, எது கிடைக்காவிட்டால் வருத்தமாக இருக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அப்பாவும் அத்தையும் இல்லாத நேரத்தில். பட்டியலைக் கணினியில் ஏற்றுவது அவள் கையாக இருக்கட்டும்.

முதல் சுற்றில் இடம் வந்ததும் கெடு முடிவதற்குள் ஏற்றுக்கொண்டு கட்டணம் கட்டிவிட வேண்டும், பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டால் அடுத்த சுற்றுகளிலும் இடம் இல்லை. ஏற்றுக்கொண்ட பிறகு இரண்டு வழி: இதுவே போதும் என்று ஃப்ரீஸ் செய்வது, அல்லது மேலே போட்டவற்றுக்காக அப்கிரேட் கேட்டுக் காத்திருப்பது. அப்கிரேட் கிடைத்தால் பழைய இடம் அப்போதே ரத்தாகிவிடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே வெங்கடேஸ்வரா கையில் வந்து, மகளும் சந்தோஷப்பட்டாள் என்றால், மேலே என்ன இருந்தாலும் அன்றே ஃப்ரீஸ் செய்துவிடுங்கள்.